பன்னிரண்டாம் எண் ரத்தம்

பேராசிரியர் நீலமேகத்துக்குச் 'சிறந்த வழிகாட்டி' விருது கொடுத்த அன்று, போட்டோ எடுக்க வந்த ஆள் என்னைக் கைகாட்டி, "அம்மா, நீங்களும் சார் பக்கத்துல வந்து நில்லுங்க, ஃபேமிலியோட ஒண்ணு எடுத்துருவோம்" என்றான். அவருக்கு அறுபத்தெட்டு வயது, பார்த்தால் ஐம்பதுதான் மதிக்கலாம். எனக்கு முப்பத்தொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "மிஸஸா, அக்காவாங்க?" என்று அவன் அடுத்த கேள்வியையும் கேட்டபோது நீலமேகம் வாய்விட்டுச் சிரித்தார். மேடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த விருதுக்கான பரிந்துரைக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். 'எங்கள் வாழ்வில் விளக்கேற்றியவர்' என்று அவரே சொல்லச் சொல்ல அடித்தேன். ஆய்வு மாணவர்கள் பதினோரு பேரும் கீழே கையெழுத்துப் போட்டோம். வேலிக்கு ஓணான் சாட்சி.

கோவைக்குத் தெற்கே, கிணத்துக்கடவு தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் மூப்பு ஆய்வு மையம். வயதாவதை நிறுத்துவது, தேய்ந்த உறுப்பைத் திரும்ப வளர்ப்பது என்று இங்கே நடக்கிற அத்தனைக்கும் நிதி தருவது பதினாறு அறக்கட்டளை. என்றும் பதினாறு வயதாக இருக்க வரம் வாங்கிய பிள்ளையை நினைத்து வைத்த பெயராம். எங்கள் கோவில்பட்டியில் பதினாறு என்றால் செத்தவர்களுக்குச் செய்யும் காரியம்தான் ஞாபகம் வரும். அறக்கட்டளை நிதியோடு ஒரு வழிகாட்டியையும் சேர்த்துக் கொடுக்கும். ஒவ்வொரு இளம் ஆய்வாளரும் ஒரு மூத்த விஞ்ஞானியிடம் ஒப்படைக்கப்படுவார். அவர் கையெழுத்து இல்லாமல் உதவித்தொகை நீளாது, ஆய்வேடு நகராது, ஊருக்குப் போக விடுப்புக்கூடக் கிடைக்காது.

நீலமேகத்தின் கண்டுபிடிப்புக்குப் பெயர் மீட்சி. மாதம் ஒரு ஊசி. போட்டுக்கொள்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஐந்து மாதம்தான் வயதாகும் என்று அவர் நிரூபித்திருந்தார். நிரூபித்த விதம் புரிந்துகொள்ளச் சுலபமானது. வருடம் போகப் போக ரத்த அணுக்களுக்குள் சின்னத் தழும்புகள் மாதிரி புள்ளிகள் விழும். எங்கள் எந்திரம் அவற்றை எண்ணிச் சொல்லும். அதைக் கடிகாரம் என்போம். ஊசி போடாத சாதாரண மனிதருக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு புள்ளி, அதாவது மாதத்துக்கு ஒன்று. மீட்சி போட்டுக்கொண்ட இருநூறு பேருக்கும் வருடத்துக்கு ஐந்தே புள்ளி. நீலமேகமும் ஒன்பது வருடமாகப் போட்டுக்கொள்கிறார். அவருக்கு இரண்டே புள்ளி. "மருந்து என் உடம்புக்கு நல்லா ஒத்துக்கிச்சு" என்பார், அதுவும் தன் சாமர்த்தியம் போல.

ஊசி போடாத சாதாரண மனிதர் என்று சொன்னேனே, அது நாங்கள்தான். மாதாமாதம் தவறாமல் வந்து வருடக்கணக்கில் ரத்தம் கொடுக்கிற ஆட்களை வெளியே எங்கே தேடுவது? ஆய்வு மாணவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்? ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ரத்தம் வேண்டுமென்றால் பக்கத்து மேசைக்காரனின் கையை இழுப்பது ஆய்வுக்கூடங்களின் பழைய பழக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று கையை நீட்டுவோம். சரோஜினி அக்கா ரத்தம் எடுப்பார். முடிந்ததும் கேண்டீனில் எல்லோருக்கும் பொங்கல், வடை. அதனால் அதற்குப் பொங்கல் திங்கள் என்றே பெயர். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது சரோஜினி அக்காவின் நோட்டில் மட்டும் இருக்கும். ஆள் பார்த்து யாரும் அளந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி.

என் ஆய்வேடு முடிந்து இரண்டு வருடமாகிறது. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளத் தயார். நீலமேகத்தின் கையெழுத்து மட்டும் பாக்கி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. "கடைசி அத்தியாயம் இன்னும் கொஞ்சம் ஊறணும்மா" என்பார். ஊறி ஊறி நான்தான் நைந்துபோனேன். இருபத்தெட்டில் படிக்கிற கண்ணாடி. முப்பதில் காதோரம் வெள்ளை. மாடிப்படி ஏறினால் முழங்கால் கெஞ்சும். எட்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. காந்திபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சீட்டில் இருந்த வயதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆதார் கார்டு இருக்கா?" என்று கேட்டார். வீட்டுக்கு இதைச் சொல்லவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு கையெழுத்து. அது கிடைத்த மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இன்னும் என்னிடம் மிச்சமிருக்கிற வயதோடு வெளியேறிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு அவர் அறையில் எல்லோரும் நிற்க வேண்டும். நாற்காலி அவருக்கு மட்டும். ஒருவர் ஒருவராக அந்த வாரம் செய்ததைச் சொல்ல வேண்டும். அவருக்கு எங்களில் பாதிப் பேரின் பெயர் தெரியாது. "ஏய் எலி", "ஏய் மைக்ராஸ்கோப்" என்று வேலையை வைத்துத்தான் கூப்பிடுவார். "உன் சீட்டுக்கு வெளிய நூறு பேர் நிக்கிறான்" என்பது அவர் மந்திரம். ஒரு தடவை எபினேசர் என்ற நாகர்கோவில் பையன் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தான். "தண்ணி தெளிச்சுட்டு அடுத்த ஆள் சொல்லுங்க" என்றார். எபினேசர் அந்த வாரமே சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். எங்களில் புத்திசாலி அவன்தான் என்று இப்போது தோன்றுகிறது.

விருது வாங்கிய மறுநாள் நீலமேகம் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் அச்சிட்ட தாள்கள் கிடந்தன.

"அடுத்த புதன்கிழமை அறக்கட்டளை ரிவ்யூ. இந்தத் தடவை சராசரி போதாதாம். ஒவ்வொரு நம்பரையும் தனித்தனியா பாப்பாங்களாம். இந்தப் பன்னெண்டாம் நம்பரைப் பாரு."

பார்த்தேன். எங்களில் மற்றவர்களுக்கு வருடம் பன்னிரண்டு புள்ளி. பன்னிரண்டாம் எண்ணுக்கு நான்கு வருடமாக ஐந்து.

"இதுக்கு ஒரே அர்த்தம்தான். உங்கள்ல ஒருத்தன் என் மருந்தைத் திருடிப் போட்டுக்கறான்." அவர் குரல் உயரவில்லை. உயராதபோதுதான் பயப்பட வேண்டும். "அந்த நோட்டை நான் தொடக் கூடாதுன்னு விதி. நீ தொடலாம். யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. அவனைப் போலீஸ்ல ஒப்படைச்சுட்டு, அன்னைக்கே உன் தீசிஸ்ல கையெழுத்துப் போடறேன்."

கூட இருக்கிற ஒருவரின் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என் கையெழுத்து. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அறைக்கு வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாராக இருக்கும் என்று நடந்துகொண்டே பத்து முகங்களையும் மனதுக்குள் புரட்டினேன். எவருடைய முடி கருப்பாக இருக்கிறது, எவர் படியில் மூச்சு வாங்காமல் ஏறுகிறார். ஒருவரும் தேறவில்லை. எல்லோரும் என்னைப் போலவே நைந்த துணியாகத்தான் இருந்தார்கள்.

சரோஜினி அக்கா குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சிக்காரர், ஐம்பத்திரண்டு வயது. சாயந்திரம் ஐந்து அடித்தால் யார் தடுத்தாலும் ஐந்தேகால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

"அக்கா, பன்னிரண்டாம் நம்பர் யாரு?"

அவர் கை நின்றது. "எதுக்குங் அம்மணி?"

"சார் கேக்காரு. மருந்து திருட்டுப் போகுதாம். நீங்க சொல்லலைன்னா போலீஸ் வந்து உங்க நோட்டைப் பிடுங்கும்."

மிரட்டத்தான் செய்தேன். நீலமேகத்திடம் ஏழு வருடம் வேறென்னத்தைக் கற்றேன்? அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"திருட்டெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அது என்ற ரத்தமுங்க."

"உங்களுதா?"

"எபினேசர் தம்பி ஓடிப்போச்சுங்கல்ல, கொழாயி நிக்கற தட்டுல ஒரு குழி காலியாயிருச்சு. பன்னெண்டும் ரொம்பலைன்னா இந்த மிஷினு அசையாது. ஒரு ஆளு கொறையுதுன்னு சாருகிட்டச் சொன்னா, ஏன் ஓடுனான், நீயென்ன புடுங்கிட்டு இருந்தேம்பாரு. எதுக்கு வம்புன்னு நானே கையக் குத்தி ரொப்பிட்டனுங்க. நாலு வருசமா அப்படித்தான். தப்புங்களா?"

"ஊசி? மீட்சி ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"எனக்கெதுக்குங் அந்த எழவு? அந்த அலமாரி சாரு கட்டவிரல வெச்சாத்தான தொறக்குது?"

உண்மைதான். அலமாரி அவர் விரலுக்கு மட்டுமே திறக்கும். ஊசி போடாத, மாணவரும் அல்லாத ஒரே ஒரு மனுஷி நான்கு வருடமாகத் தட்டில் இருந்திருக்கிறார். அவருக்கு வருடத்துக்கு ஐந்து புள்ளி, ஊசி போட்டவர்களுக்கும் அதே ஐந்து.

"அக்கா, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தி டிரைவர், வாட்ச்மேன், தோட்டக்காரங்களுக்கு மருத்துவ முகாம் போடுவாங்கல்ல, அந்த ரத்தமெல்லாம்?"

"கடாசவே இல்லீங்க. அடி ஃப்ரீசர்ல கெடக்குது. ஆரும் கேக்கல, நானும் சொல்லல."

அந்த வாரம் முழுவதும் அந்தப் பழைய குழாய்களை எந்திரத்தில் ஓட்டினேன். பஸ் டிரைவர், கேண்டீன் மாஸ்டர், இரண்டு வாட்ச்மேன்கள், புல் வெட்டுகிற பெண்கள் என்று பன்னிரண்டு பேர், ஆளுக்கு எட்டு வருட ரத்தம். ஒருவரும் மீட்சியைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. பன்னிரண்டு பேருக்கும் வருடத்துக்கு ஐந்து புள்ளி.

மனிதர்களுக்கு இயல்பாகவே ஐந்துதான். ஊசி வெறும் தண்ணீர். எடைக்கல்லே தப்பு. எங்களை வைத்துத்தான் 'ஒரு வருடம்' என்றால் எவ்வளவு என்று அளந்திருந்தார்கள். எங்களுக்கோ ஒரு வருடத்தில் இரண்டரை வருடம் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தை எடுத்து என் வயதைப் போட்டுப் பார்த்தேன். இருபத்துநான்கில் இங்கே வந்தேன். ஏழு வருடத்தில் எண்பத்துநான்கு புள்ளி. எனக்கு நாற்பத்தொரு வயது ஆகியிருந்தது. பத்து வருடத்தை இந்தக் கட்டடத்தில் வழித்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த டாக்டரம்மாவின் கேள்வி ஞாபகம் வந்து, கழிப்பறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை நீலமேகத்தின் முன்னால் தாள்களை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாள்களை இரண்டு தடவை படித்தார்.

"அப்போ எனக்கு எப்படி ரெண்டு புள்ளி?" என்றார் கடைசியில். "எல்லாருக்கும் அஞ்சுன்னா எனக்கும் அஞ்சுதானே விழணும்?"

"தெரியல சார். மருந்து உங்க ஒருத்தருக்கு மட்டும் வேலை செய்யுதோ என்னவோ."

"பாத்தியா!" அவர் முகம் தெளிந்துவிட்டது. இருநூறு பேருக்குத் தண்ணீர் குத்திய மனிதருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது. தாள்களை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். "இங்க பாரு செண்பகவல்லி. இதை நீ பாக்கல, நானும் பாக்கல. பன்னெண்டாம் நம்பர் சரோஜினி. அவ மருந்து திருடினா. அப்படின்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. அவளை வேலையை விட்டு மட்டும் அனுப்பிடறேன், போலீசு வேணாம். உன் தீசிஸ் இதோ இருக்கு."

ஆய்வேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். ஏழு வருடமாக நான் கனவு கண்ட பேனா அது. இன்னொரு பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் அதை எடுத்தேன். எடுக்கவில்லை என்று பொய் சொல்ல விரும்பவில்லை. 'சரோஜினி' என்று பெயரை எழுதும் வரைக்கும் போனேன். அப்புறம் என்ன தோன்றியதோ, தாளைக் கிழித்துவிட்டு எழுந்தேன்.

"ஏழு வருஷம் குடுத்த சோறு இப்படிப் பேசுதா?" என்று பின்னாலிருந்து கத்தினார். மாதம் ஒரு பொங்கலைத்தான் சோறு என்கிறார் போலிருக்கிறது.

புதன்கிழமை ரிவ்யூவுக்கு அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமை டாக்டர் ஷெர்லி அமலதாஸ். அறுபதை நெருங்கிய பெண்மணி, பருத்திப் புடவை, சத்தமே இல்லாத குரல். நீலமேகம் பேசி முடித்து உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். சொல்லிவிட்டேன். தட்டு, குழி, அக்காவின் ரத்தம், ஃப்ரீசர், வாட்ச்மேன்கள், வெள்ளிக்கிழமைகள், எல்லாம். "இந்த மருந்து யாரையும் இளமையாக்கல மேடம். இந்த ரூம் எங்களைக் கிழவங்களாக்குது. அவ்வளவுதான் இங்க நடந்த கண்டுபிடிப்பு."

நீலமேகத்தின் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

ஷெர்லி அமலதாஸ் என் தாள்களை நிதானமாகப் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"வருஷத்துக்கு ரெண்டரை வருஷம். பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி. ஒருத்தருக்குக்கூட வியாதி இல்ல. சரிதானே?"

"சரி மேடம்."

"மூப்பு ஆராய்ச்சியில எங்க பெரிய தலைவலி என்னன்னு தெரியுமாம்மா? மனுஷன் ரொம்ப மெதுவா வயசாகறான். ஒரு மருந்து வேலை செய்யுதான்னு பாக்க முப்பது வருஷம் காத்திருக்கணும். எலிக்குச் சரியா வந்தது மனுஷனுக்கு வர்றதில்ல. ஆரோக்கியமான மனுஷங்க, வியாதி இல்லாம, வேகமா வயசாகற ஒரு இடம் கிடைக்காதான்னு உலகம் பூராத் தேடிட்டிருக்கோம்." அவர் நீலமேகத்தின் பக்கம் திரும்பினார். "புரொஃபசர், அது உங்க ரூம்ல இருந்திருக்கு."

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை.

"மேடம், நாங்கல்லாம் மனுஷங்க."

"அதனாலதான்மா சொல்றேன். எலின்னா எனக்கு எதுக்கு?" அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் கொடுமை. "யாரையும் நாம இழுத்துட்டு வரலையே. நுழைவுத் தேர்வு எழுதி, இன்டர்வியூ வந்து, சேர்ந்துக்கறாங்க. ரத்தம் எடுக்க ஒப்புதல் கையெழுத்தும் போடறாங்க. புரொஃபசர், உங்க நிதியை இரட்டிப்பா ஆக்கறோம். ஒரே ஒரு நிபந்தனை. ரூம்ல எதையும் மாத்தக் கூடாது. முக்கியமா வெள்ளிக்கிழமையை."

நீலமேகத்தின் முகத்தில் உயிர் திரும்பி வருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஆனா ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு ரூம் வேணும்" என்றார் ஷெர்லி என்னிடம். "இதே வேலை, இதே மாதிரிப் பசங்க. வழிகாட்டி மட்டும் வேற. நல்ல மனசுள்ள வழிகாட்டி. நீங்க எடுத்துக்கறீங்களா? தீசிஸ்ல புரொஃபசர் இப்பவே கையெழுத்துப் போடுவார்."

போட்டார். என் கண் முன்னால், அந்தப் பேனாவால், முகம் நிறையச் சிரிப்போடு. ஏற்றுக்கொள்ளாமல் ஊருக்குப் போயிருக்கலாம். பெட்டி கட்டித் தயாராகத்தான் இருந்தது. ஆனால் புதிதாகச் சேர்கிற பதினோரு பேரையாவது அவரிடமிருந்து காப்பாற்றலாமே என்று நினைத்தேன். மருமகள் தலையெடுத்தால் வீடு நன்றாகிவிடும் என்று எல்லா மருமகள்களும் நினைப்பதுதான்.

சரோஜினி அக்காவை என்னோடு அழைத்துக்கொண்டேன். முதல் நாளே பதினோரு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: ஐந்தேகால் பஸ்ஸில் எல்லோரும் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் கிடையாது. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். பொங்கல் திங்களன்று நானும் வரிசையில் நின்று கையை நீட்டுவேன், பொங்கலும் உங்களோடுதான். அங்கயற்கண்ணி என்ற மதுரைப் பெண் கண் கலங்கிவிட்டாள்.

ஆறு மாதம் அப்படியே நடந்தது. அப்புறம் அறக்கட்டளையிலிருந்து ஒரு தாள் வந்தது. நீலமேகத்தின் அறையில் நான்கு கட்டுரைகள், என் அறையில் ஒன்று. ஷெர்லி போனில் மென்மையாகச் சொன்னார்: "வேலை அளவு சமமா இல்லன்னா ஒப்பீடே செல்லாதும்மா." நியாயம்தானே? அதனால் வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் மட்டும், சும்மா பேசிக்கொள்ள, ஒரு கூட்டம் வைத்தேன். உட்கார்ந்தால் கதை வளர்கிறது என்று நாற்காலிகளை வெளியே போடச் சொன்னேன். ஐந்தேகால் பஸ் ஏழரை பஸ் ஆனது, அதுவும் வேலை முடிந்தவர்களுக்கு மட்டும். சொன்னதைச் சொன்னபடி செய்யாதபோது குரல் கொஞ்சம் உயரும். உயராமல் எப்படி? நான் பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இவர்கள் படவில்லை.

இரண்டு வருடம் முடிந்து கடிகாரத்தின் கணக்கு வந்தது. என் மாணவர்கள் பதினோரு பேருக்கும் வருடத்துக்குப் பதினொன்று. நீலமேகத்தின் அறையை விட ஒரே ஒரு புள்ளி குறைவு.

"எந்திரத்துல ஏதோ கோளாறு" என்று சரோஜினி அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன். "ஒழுங்கா ஒரு வேலை செய்யத் தெரியுதா உங்களுக்கு? குழாயை மாத்தி வெச்சீங்களா?"

"மிஷினு சரியாத்தானுங் ஓடுது." அக்கா என் கத்தலுக்கு அசையவில்லை. "அந்தப் பன்னெண்டாம் நம்பரைப் பாத்தீங்களா?"

பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு புள்ளி.

"இது யாரு? மறுபடி உங்களுதா?"

"என்றதுன்னா அஞ்சு இருக்குமுங்களே. பசங்க பதினொண்ணுதான, ஒரு குழி காலியா இருந்துச்சு. நீங்கதான் திங்கக்கெழம கை நீட்டறீங்களேன்னு, அதையே வெச்சனுங்க." அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "மாமியாளும் ஒரு காலத்துல மருமகதானுங் அம்மணி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வாரேன்."

அவர் போனபின் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலமேகத்துக்கும் இரண்டு, எனக்கும் இரண்டு. நான் ஒரு ஊசியும் போட்டுக்கொண்டதில்லை. அவருக்கும் ஊசி வேலை செய்ததே இல்லை. வருடத்துக்கு ஐந்து மாதம் மட்டும் வயதாவதற்கு மருந்து உண்மையிலேயே இருந்தது. அது எதிரில் பதினோரு பேரை நிற்க வைப்பது.

கண்ணாடியைப் போன வருடமே கழற்றிவிட்டேன். காதோரம் கருப்பாக முளைக்கிறது. சித்திரையிலிருந்து மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. கட்டுப்பாடான வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் கூசியது, உண்மைதான். முடிவையும் எடுத்தேன். நாளைக்கே நாற்காலிகளை உள்ளே போட வேண்டும், எல்லோரையும் ஐந்தேகால் பஸ்ஸில் அனுப்ப வேண்டும், முடித்தவர்களுக்குக் கையெழுத்துப் போட்டு விடுவிக்க வேண்டும். அப்படிச் செய்தால் என் கடிகாரமும் மற்றவர்களைப் போல ஓடத் தொடங்கும். நான் இழந்த பத்து வருடம் போனதுதான், திரும்பாது. இப்போதைக்கு அது மெல்ல மெல்ல ஈடாகிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டிவிட்டு அங்கயற்கண்ணி வந்தாள். கையில் ஆய்வேடு. எல்லோருக்கும் முந்தி முடித்தவள். இருபத்தேழு வயது, மூக்கில் படிக்கிற கண்ணாடி. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

"மேடம், கையெழுத்து மட்டும் போட்டுட்டீங்கன்னா, ஊருக்குக் கிளம்பிருவேன்."

"வாம்மா" என்றேன். ஆய்வேட்டை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தேன். பேனாவின் மூடியைக் கழற்றினேன். நல்ல ஆய்வேடு. ஒரு குறையும் சொல்ல முடியாது. அவள் போனால் பத்து பேர்.

"கடைசி அத்தியாயம்" என்றேன், "இன்னும் கொஞ்சம் ஊறணும்மா."

அவள் கண் நிறைந்தது. ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பேனாவை மூடி வைத்துவிட்டு நானும் எழுந்து கேண்டீனுக்குக் காபி குடிக்கப் போனேன். மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறினேன். முழங்கால் வலிக்கவே இல்லை.